தேயிலைப் பணத்தில் எழுந்த நாடக அரங்குகள்: ஆனி ஹோர்னிமன் அம்மையார்

தென்கிழக்கு லண்டனில் வாழும் எம்மவரில் பொறஸ்ட் ஹில் ஹோர்னிமன் நூதனசாலையை அறியாதவர் குறைவு. பள்ளி விடுமுறைகளில் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று, அளவுக்கு மீறி அடைக்கப்பட்டு ஊதிப்போன அந்த வால்ரஸைக் காட்டிய பெற்றோர் எத்தனையோ பேர். 1901 இல் அக்கட்டடத்தை எழுப்பி லண்டன் மக்களுக்கு வழங்கியவர் தேயிலை வணிகர் பிரெட்ரிக் ஹோர்னிமன். தகப்பனின் பெயர் கட்டடத்தில் நிலைத்துவிட்டது. அவருடைய மகளைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகிறோம்.

ஆனி ஹோர்னிமன் 1860 இல் பொறஸ்ட் ஹில்லில் பிறந்தார். பாட்டனார் ஜோன் ஹோர்னிமன் 1826 இல் தேயிலையைப் பைக்கற்றில் அடைத்து விற்கத் தொடங்கியவர். தேயிலையில் கலப்படம் மலிந்திருந்த அக்காலத்தில், மூடி ஒட்டிய பைக்கற்றைச் சனங்கள் நம்பி வாங்கினார்கள். ஆனி முப்பது வயதை எட்டிய காலத்தில் லண்டன் சந்தையில் இந்திய, இலங்கைத் தேயிலை சீனத் தேயிலையை முந்திவிட்டது. இலங்கைத் தேயிலையைக் கொய்தவர்கள் எமது மலையக மக்கள். தேயிலையில் விளைந்த எந்தச் செல்வத்தைப் பற்றி எழுதும்போதும் கணக்கின் அந்தப் பக்கத்தை நாம் விட்டுவிட முடியாது.

நாடகம் பார்ப்பதை விரும்பாத, மதக் கட்டுப்பாடு மிகுந்த குடும்பம் அது. பதினான்கு வயதில், வீட்டில் படிப்பித்த ஜெர்மன் ஆசிரியை இரகசியமாகக் கூட்டிச்சென்று ஷேக்ஸ்பியர் நாடகமொன்றைக் காட்டினார். அன்று பிடித்த பித்து பின்னர் விடவில்லை. ஸ்லேட் கலைக்கல்லூரியில் ஓவியம் பயின்றார். பெண்கள் செய்யத் துணியாத காலத்தில் பலர் முன்னிலையில் சிகரெட் புகைத்தார். சைக்கிளில் ஊர் சுற்றினார். பழங்காலப் பட்டுத்துணி உடையும் கழுத்தில் பெரிய டிராகன் பதக்கமுமாக அவர் வரும்போது தெருவே திரும்பிப் பார்க்கும். மந்திர தந்திரங்களில் ஈடுபட்ட இரகசியச் சங்கமொன்றிலும் சேர்ந்திருந்தார். சீட்டுப் போட்டுக் குறி பார்த்த பின்னரே பெரிய செலவுகளில் இறங்குவார். நல்ல நாள் பார்த்துக் காரியம் தொடங்கும் எம்மவரைப் பார்த்துச் சிரிப்போர் இதையும் அறிந்திருப்பது நல்லது.

பாட்டனார் விட்டுச்சென்ற பணத்தில் 1894 இல் லண்டன் அவெனியூ அரங்கில் புதிய நாடகங்களை மேடையேற்றினார். பெர்னாட் ஷாவின் நாடகம் பொது அரங்கொன்றில் நடந்தது அதுவே முதற்தடவை. பணம் நட்டம். கொடுத்தவர் யாரென்பதோ வெளியே தெரியாது. குடும்பத்துக்குத் தெரிந்துவிடும் என்று பெயரை மறைத்திருந்தார். எமது கலைவிழாக்களில் ஐம்பது பவுண் கொடுத்தவரும் தம் பெயர் மேடையில் வாசிக்கப்படவில்லையே என்று முகம் சுருக்குவதை இங்கு நினைத்துக்கொள்கிறோம்.

அதன்பின் கவிஞர் யேட்ஸுக்குச் சம்பளமில்லாச் செயலாளராகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். அவருடைய நாடகத்துக்கு உடைகள் தைத்தார். 1904 இல் டப்ளினில், பழைய மண்டபமொன்றையும் அதை ஒட்டியிருந்த கட்டடத்தையும் தம் செலவில் திருத்தி அபே அரங்கை அமைத்துக் கொடுத்தார். ஆண்டுதோறும் உதவிப் பணமும் தந்தார். ஆனால் நிபந்தனைகள் இரண்டு. மலிவான ஆறு பென்ஸ் இருக்கைகள் கூடாது, அரசியல் கூடாது. முதலாவதை 1906 இல் தளர்த்தினார். இரண்டாவதில் அசையவில்லை.

அயர்லாந்து மக்கள் தம் மொழிக்கும் நாட்டுக்கும் உரிமை கோரி நின்ற காலம். அப்படிப்பட்ட ஊரில் அரசியல் தொடாத மேடை எங்கே கிடைக்கும்? 1910 மே 6 ஆம் திகதி ஏழாம் எட்வர்ட் மன்னர் காலமானார். மறுநாள் டப்ளினின் மற்ற அரங்குகள் துக்கத்துக்காக மூடின, அபே திறந்திருந்தது. மூடச் சொல்லும் தந்தி பிந்தி வந்தது என்று விளக்கம் சொல்லப்பட்டது. அம்மையார் ஏற்கவில்லை, பணத்தை நிறுத்தினார். வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போய்த் தீர்ப்பும் அபேக்கே சாதகமாயிற்று. ஆறு ஆண்டுகள் சொன்ன சொல் தவறாமல் பணம் கொடுத்தவர் அவர். எனினும் அந்த ஊரில் எவராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையைக் கேட்டார் என்பதே எமது எண்ணம். 1925 இல் அயர்லாந்து அரசு அபேக்கு 850 பவுண் கொடுத்தது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அரசாங்கப் பணம் பெற்ற முதல் நாடக அரங்கு என்று அதைச் சொல்வார்கள்.

இதற்கிடையில் 1908 இல் மான்செஸ்டரில் கெயிற்றி அரங்கை வாங்கி, நிரந்தர நடிகர் குழுவொன்றை வைத்து நூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை மேடையேற்றினார். ஆலை முதலாளியின் மகனோடு விடுமுறை கழித்த நெசவுத் தொழிலாளி மகள், பின்னர் அவனை மணக்க மறுக்கும் கதை 1912 இல் இக்குழுவால் நடிக்கப்பட்டுப் பெரும் வாதத்தைக் கிளப்பியது. அதை எழுதிய ஸ்ரான்லி ஹோற்றன் அந்தப் பகுதிக்காரர்தான். முதலாம் உலக யுத்தம் வந்தது; 1917 இல் குழு கலைந்தது. 1921 இல் அரங்கு சினிமாக் கொட்டகைக்காக விற்கப்பட்டது.

1933 இல் அரசின் உயர் கௌரவமொன்றைப் பெற்ற அம்மையார், மணம் செய்யாமலே வாழ்ந்து 1937 ஆகஸ்ட் 6 ஆம் திகதி சரே பகுதியில் காலமானார். அபேயின் பழைய கட்டடம் 1951 இல் எரிந்து, அதே இடத்தில் 1966 இல் புதியது திறக்கப்பட்டது. லண்டன் அவெனியூ அரங்கின்மேல் 1905 இல் சாரிங் குறொஸ் நிலையக் கூரை இடிந்து விழுந்தது. 1907 இல் பிளேஹவுஸ் என்ற பெயரில் அதை மீண்டும் திறந்தார்கள். எம்பாங்க்மென்ற் நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் அது இருக்கிறது.