தீரன் சின்னமலையும் கும்பினித் துப்பாக்கியும்

கோயமுத்தூரினின்று மதுக்கரை வழியே பாலக்காட்டுக் கணவாயை நோக்கிச் செல்லும் பாதை, 18-ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் மாறி மாறிப் புழுதி கிளப்பிய பாதையாகும். அவ்விரு பெரும்படைகளையும் கண்ணாரக் கண்ட கொங்கு நாட்டிலே, 1756-ஆம் ஆண்டில், காங்கேயத்தையடுத்த மேலப்பாளையத்தில் நம் குலத்துத் தோன்றியவர் தீர்த்தகிரி என்னும் தீரன் சின்னமலை. சிலம்பமும் வாட்போரும் குதிரையேற்றமும் இளமையிலேயே கைவரப்பெற்றார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓடாநிலையில் கோட்டை அமைத்துக் கும்பினியாரை எதிர்த்து நின்றார்.

நம்மவரிற் பலர், வாள் துப்பாக்கியை வென்றது என்று வியப்பதோடு அமைந்துவிடுகின்றனர். அஃது எவ்வாறு இயலும் என்பதை யாம் சிறிது ஆராய விரும்புகின்றோம்.

அந்நாளைய சிப்பாயின் துப்பாக்கி ஏறத்தாழ 10 ராத்தல் எடையுள்ளது. தோட்டாவைப் பல்லாற் கடித்துக் கிழித்து, கிண்ணியிற் சிறிது மருந்திட்டு, எஞ்சியதைக் குழலிற் கொட்டி, குண்டையிட்டுக் கோலால் இடித்து, அதன் பின்னரே சக்கிமுக்கிக் கல்லின் பொறியாற் சுடல் வேண்டும். நன்கு பழகியவனும் நிமிஷத்திற்கு மூன்று வேட்டுக்கு மேற் போடுதல் அரிது. 100 கஜத்துக்கப்பால் ஒருவனைக் குறிபார்த்து வீழ்த்துதல் பெரும்பாலும் அதிருஷ்டமே. மருந்து மழையில் நனைந்தாலோ, கையிலிருப்பது வெறுந்தடி! அந்த 100 கஜத்தை ஓடிவரும் வீரன் அரை நிமிஷத்துள் கடந்துவிடுவான். அதற்குள் ஒரு வேட்டு, மிஞ்சினால் இரண்டு. அப்பால் சிப்பாய்க்குத் துணை, குழல் முனையில் மாட்டிய முழ நீளச் சனியனே. (சங்கீன் என்னும் இந்துஸ்தானிச் சொல்லின் திரிபு இது, கிரகத்தோடு இதற்கு உறவில்லை.)

ஆயினும், தோளோடு தோள் நெருங்கி அணிவகுத்து, முறைவைத்துச் சுடும் சிப்பாய்களை வெளியிடத்தில் நேரே பாய்ந்து வெல்லுதல் எளிதன்று. பள்ளமும் புதரும் ஆற்றங்கரையுமே அவ்வணியைக் குலைப்பன. 1801-இல் காவிரிக்கரையிலும், 1802-இல் ஓடாநிலையிலும், 1804-இல் அறச்சலூரிலும் சின்னமலை வெற்றி கண்டார் என்பது நம் நாட்டு வழக்கு. அவர் துப்பாக்கியை இகழ்ந்தவருமல்லர். ஓடாநிலையில் படைக்கலங்கள் வார்ப்பித்தார் என்றே கூறுவர். கருவியின் வன்மையும் மென்மையும் அறிந்தவர் என்பதே எம் துணிபு.

பீரங்கியின் முன் இக்கணக்குச் செல்லாது. ஆதலின் அது வருமுன் கோட்டையை விட்டகன்றார். கும்பினியார் வெறுங்கோட்டையை இடித்தனர். பழனிமலைச் சார்பிலுள்ள கருமலையில் மறைந்திருந்தவரைச் சமையற்காரன் காட்டிக்கொடுத்தான் என்பர். 1805-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி, சங்ககிரிக் கோட்டையில் உடன்பிறந்தாரோடு தூக்கிலிடப்பட்டார்.