கொடுமுடி கோகிலம் கே. பி. சுந்தராம்பாள்



திருவிழாக் காலத்தில் ஊர்க் கோயில்களில் விடியுமுன் ஒலிபெருக்கி கட்டிப் போடும் பாடல்களுள் கணீரென்ற ஒரு பெண்குரல் தவறாது இருக்கும். மாம்பழத்துக்காகக் கோபித்துப் பழனி மலையேறிய முருகனை ஔவையார் சமாதானம் செய்யும் பாடலைக் கேட்டதும், இது யாருடைய குரலென்று எம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் மொன்றியலில் பிறந்து வளரும் எமது பிள்ளைகளுக்கு அந்த அம்மையார் யாரென்று தெரியாது. அவர்களுக்குப் பெற்றோர் எடுத்துச் சொல்ல உதவுமென எண்ணி அவரது வரலாற்றை இங்கு சுருக்கமாகத் தருகிறோம்.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடி, தேவாரப் பாடல் பெற்ற தலம். சுந்தரமூர்த்தி நாயனார் நமச்சிவாயப் பதிகம் பாடியருளிய திருப்பாண்டிக்கொடுமுடி அதுவே. அங்கே 1908ஆம் ஆண்டு சுந்தராம்பாள் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். குடும்பத்தைக் கொடிய வறுமை வாட்டியது. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டியில் பாடி, பயணிகள் கொடுத்த சில்லறையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முதலில் வாய்த்த மேடை அந்த ரயில் பெட்டியே.

அந்தக் குரலின் அருமையை அறிந்தவர் எப். ஜி. நடேச ஐயர். ரயில்வே அதிகாரியாக இருந்து கொண்டே நாடகக் கலையையும் வளர்த்தவர் இவர். இவருடைய முயற்சியால் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சிறுமிக்கு இடம் கிடைத்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையின் வேடம் ஏற்றார். பசியை அனுபவித்தே அறிந்த பிள்ளைக்கு அந்த வேடத்துக்குப் பயிற்சி வேண்டியிருக்கவில்லை.

அக்கால நாடகம் இரவு முழுவதும் நடக்கும். ஒலிவாங்கி கிடையாது. கடைசி வரிசையில் தரையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே உச்சத்தில் பாட வல்லவரே நிலைத்து நின்றார்கள். சுந்தராம்பாளின் உரத்த குரலும், ஒவ்வோர் எழுத்தையும் சிதைக்காத உச்சரிப்பும் இந்தப் பள்ளியில் பெற்ற செல்வங்கள்.

இலங்கை மண்ணுக்கும் இவர் வாழ்வில் பெரும் பங்குண்டு. சிறு வயதிலேயே கொழும்பு மேடைகளில் நடித்துப் பெயர் பெற்றார். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் 1926ஆம் ஆண்டளவில் சேர்ந்து நடிக்கத் தொடங்கியதும் இலங்கையில்தான். கிட்டப்பாவும் பால வயதிலேயே மேடையேறியவர். வள்ளி திருமணம் நாடகத்தில் இருவரும் பாடிப் போட்டி போட்டதைக் கேட்க மாட்டு வண்டி கட்டிக்கொண்டு சனங்கள் வந்தார்கள். 1927ஆம் ஆண்டு இருவரும் மணம் செய்து கொண்டனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனவருத்தங்களும் பிரிவுகளும் நேர்ந்தன. 1933ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கிட்டப்பா நோயினால் காலமானார். அவருக்கு அப்போது 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் அவர் வெள்ளைச் சேலையும் திருநீறுமாகவே வாழ்ந்தார். இனி எந்த ஆணுடனும் சோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மேடையை விட்டு ஒதுங்கிய அவரை நாட்டுப் பணிக்கு அழைத்தார்கள். தீரர் சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல்களைப் பாடினார்.

பின்னர் சினிமா அவரைத் தேடி வந்தது. நந்தனார் படத்துக்கு அழைத்தபோது, வந்தவர்கள் திரும்பிப் போகட்டும் என்றே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பர். அதையும் கொடுக்கச் சம்மதித்தார்கள். 1935இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஏற்றது நந்தனார் என்ற ஆண் வேடம். ஆகவே அவர் கொண்ட உறுதிக்கும் பங்கம் வரவில்லை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். ரயிலில் சில்லறைக்குப் பாடிய பிள்ளை, அந்நாளில் இந்தியாவில் எவரும் எண்ணிப்பாராத சம்பளத்தைப் பெற்றார்.

1940இல் மணிமேகலை வந்தது. 1953இல் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசன் தயாரித்த ஔவையார் வெளிவந்தபின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஔவைப் பாட்டி என்றால் சுந்தராம்பாள் முகமே நினைவுக்கு வந்தது. 1964இல் பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள், 1965இல் திருவிளையாடலில் மீண்டும் ஔவையார், 1973இல் காரைக்கால் அம்மையார். இவர்கள் எல்லோரும் துறவும் தமிழும் பக்தியும் உடைய பெண்கள். அவர் பூண்ட வெள்ளைக் கோலத்துக்கு இவ்வேடங்கள் பொருந்தி வந்தன.

சென்னை மாகாண மேல்சபையிலும் உறுப்பினராக இருந்தார். நடிகை ஒருவருக்குச் சட்டசபையில் ஆசனம் கிடைத்தது அந்நாளில் புதுமை. 1969இல் வெளிவந்த துணைவன் படப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். 1970இல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. சொந்த ஊரான கொடுமுடியில் தமது பெயரால் ஒரு தியேட்டர் கட்டினார். 1980ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார்.

மொன்றியல்வாசிகள் அறிய வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. வட்டமான இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பேர்லினர், கனடாவில் தமது கிராமபோன் கம்பெனியை நிறுவியது இந்நகரில்தான். 1900ஆம் ஆண்டளவில் இங்கு இசைத்தட்டுகள் செய்யத் தொடங்கினார்கள். சென்-ஆன்றி பகுதியில் அவர்களது தொழிற்சாலை இயங்கியது. அவர் கண்டுபிடித்த அந்தத் தட்டு தான் கொடுமுடிப் பிள்ளையின் குரலை, நாடகக் கொட்டகைக்குப் போகாத வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தது.

ஒன்றை மட்டும் சிந்திக்க வேண்டுகிறோம். அந்நாளில் நாடகத்தில் நடித்த பெண்களைச் சமூகம் கூத்தாடிகள் என்று தாழ்த்தியே பேசியது. அந்தக் குரலைக் கோயிலில் போட்டுக் கும்பிட்டவர்களே, தம் வீட்டுப் பெண்பிள்ளை மேடையேறினால் முகம் சுளித்தார்கள். அந்த எண்ணம் எம்மிடையே முற்றாகப் போய்விட்டதா? பண்ணிசை வகுப்புக்கும் நாடக ஒத்திகைக்கும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர், பத்தாம் வகுப்பு வந்ததும் படிப்பைக் காரணம் காட்டி நிறுத்தி விடுகின்றனர். பெண்பிள்ளைகளே முதலில் நிறுத்தப்படுகிறார்கள்.

சுந்தராம்பாளுக்கு முழுமையான பள்ளிப் படிப்பும் பாதுகாப்பான பிள்ளைப் பருவமும் கிடைக்கவில்லை. எமது பிள்ளைகளுக்கு இரண்டும் கிடைத்திருக்கின்றன. அவர்கள் பசிக்காகப் பாட வேண்டியதில்லை. விருப்பத்தோடு பாடலாம். தமிழை எழுத்துப் பிசகாமல் எப்படி உச்சரிப்பது என்பதை அறிய அந்த அம்மையாரின் ஒரு பாடலைப் பிள்ளைகளை அருகில் இருத்திக் கேட்கச் செய்யுங்கள். பாடலின் பொருளையும் சொல்லிக் கொடுங்கள். பாட விரும்பும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

எல்லாம் வல்ல முருகப் பெருமான் அருள் யாவர்க்கும் கிட்டுவதாக.