தங்கப்பதக்கம் வாங்கித் தந்த வாத்தியார்

கோவில்பட்டியில் சாயங்கால வேளையில் ஒரு மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஆக்கி மட்டையும் கையுமாகப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். கோட்டுக்கு வெளியே பெரியவர்கள் நிற்பார்கள். விடாதே, மறி, இடி என்று ஒரே கூச்சல்!

கரிசல் கட்டாந்தரையில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும். கத்துகிறவருக்கு அது தெரியாதா? தெரியும். ஆனாலும் கத்துவார்.

கத்தவே முடியாத காலத்தில் ஒரு பயிற்சியாளர் இருந்தார். ஆட்டம் நடக்கும்போது கோட்டோரம் நின்று யோசனை சொல்லக்கூடாது என்பது அன்றைய கால்பந்து விதி. அடிபட்டவருக்குப் பதில் வேறு ஆளை இறக்கவும் முடியாது. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் 1970-ல்தான் வந்தன. சொல்ல வேண்டியதை எல்லாம் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அவர் பெயர் சையது அப்துல் ரகீம். ஆட்டக்காரர்கள் ரகீம் சாகிப் என்று மரியாதையாக அழைப்பார்கள்.

பள்ளிக்கூட வாத்தியார்

ரகீம் 1909-ம் ஆண்டு ஐதராபாத்தில் பிறந்தார். படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். 1950-ல் ஐதராபாத் போலீஸ் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். அந்த அணி பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 தடவை தட்டிக்கொண்டு வந்தது!

அவர் பயிற்சி விசித்திரமானது. பந்தை உருட்டிக்கொண்டே போகக்கூடாது, உடனே அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். வராத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி.

எதற்காக இதெல்லாம்? நம் பிள்ளைகளில் பலர் ஒல்லியான உடம்புக்காரர்கள். வாட்டசாட்டமான எதிரி வந்து மோதினால் தாங்க மாட்டார்கள். அவன் வந்து மோதும்போது பந்து நம் காலில் இருக்கவே கூடாது. இடிக்கு இடி கொடுப்பதைவிட இது நல்ல பதில் அல்லவா?

10 கோல்!

1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் ரகீமின் அணி ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது. நாடே கொண்டாடியது.

அடுத்த வருஷம் எல்சிங்கி ஒலிம்பிக். நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு இறங்கினார்கள். எதிரே பூட்ஸ் போட்ட யூகோஸ்லாவியா. குளிர் வேறு. 10-1 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆயிற்று.

ரகீம் மனம் தளரவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றார்கள். நெவில் டிசூசா ஒருவரே 3 கோல் போட்டார். இந்தியாவுக்கு 4-வது இடம்.

1960 ரோம் ஒலிம்பிக்குப் போன அணியில் ரகீமின் மகன் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஓர் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. தகப்பனார் பயிற்சியாளர் என்பதால் மகனுக்கு ஒரு சலுகையும் கிடைக்கவில்லை.

தலையில் தையல்

1962, ஜகார்த்தா. ஆசியப் போட்டி. ரகீமின் உடலில் புற்றுநோய் புகுந்திருந்தது. ஓயாமல் சிகரெட் பிடிக்கும் பழக்கம் அவருக்கு.

முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றார்கள். ஆனால் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்தது. தையல் போட்டார்கள். ஜர்னைல் முரட்டு ஆட்டக்காரர். அவர் மறித்தால் எதிரிகள் நடுங்குவார்கள். அவரையே இழந்தால் என்ன செய்வது?

ரகீம் யோசித்தார். ஜர்னைல் கல்லூரி நாட்களில் முன்களத்தில் ஆடியவர். அரை இறுதியில் அவரை முன்னுக்குத் தள்ளினார். தலைக்கட்டோடு அவர் கோல் போட்டார்! தென்வியட்நாமை 3-2 என்று இந்தியா வென்றது.

செப்டம்பர் 4. இறுதி ஆட்டம். எதிரி மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை. அதை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தார். ஊரே இந்தியர்கள்மீது கோபத்தில் இருந்தது. மைதானத்தில் ஏறக்குறைய 1 லட்சம் பேர். நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டார்கள்.

நமக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஆக்கி வீரர்கள்! ஆக்கி இறுதி ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள் அவர்களேதான்.

முந்தின நாளே ரகீம் வீரர்களை அழைத்து, தங்கத்தைத் தமக்குப் பரிசாகத் தரும்படி கேட்டிருந்தார்.

17-வது நிமிஷம் பி.கே.பானர்ஜி ஒரு கோல். 20-வது நிமிஷம் ஜர்னைல் ஒரு கோல். கோல் காத்தவர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் ஆடி வளர்ந்தவர். கொரியர்கள் கடைசி நேரத்தில் ஒன்றுதான் போட முடிந்தது. 2-1. தங்கம்!

1963 ஜூன் 11-ந் தேதி ரகீம் காலமானார். வயது 53. ஆசியப் போட்டிக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியா தங்கம் வாங்கவில்லை.

மகன் ஹக்கீம் பிற்காலத்தில் சர்வதேச நடுவர் ஆனார். முரட்டுத்தனமாக மோதியவர்களை நோக்கி விசில் ஊதுவது அவர் வேலையாயிற்று.