எலியின் பசியைக் கணக்கிட்ட ஹால்டேன்

குட்டீஸ்! எலிக்குப் பசி அதிகமா, யானைக்குப் பசி அதிகமா? யானைக்குத்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். தின்னும் தீனியின் அளவை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால், உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எலிதான் பெரிய சாப்பாட்டு ராமன்! இந்த விந்தையான கணக்கை எல்லோருக்கும் புரியும்படி எழுதியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியக் குடிமகனாக மறைந்த விஞ்ஞானி இவர்.

சுரங்கத்தில் ஒரு பாடம்

1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் ஹால்டேன் பிறந்தார். இவரது தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன், மூச்சு விடுதலைப் பற்றி ஆராய்ந்தவர். நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயு தாக்கித் தொழிலாளர்கள் இறப்பதைத் தடுக்க வழி தேடியவர். சிறுவயதிலேயே மகனையும் தன்னோடு சுரங்கங்களுக்கு அழைத்துச் சென்றார்.

ஒருமுறை சுரங்கத்துக்குள் மகனை எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சிறுவனுக்கு மூச்சு வாங்கியது. கால்கள் தளர்ந்து கீழே விழுந்தான். தரையில் கிடந்ததும் நன்றாக மூச்சு விட முடிந்தது! மீத்தேன் வாயு காற்றைவிட லேசானது. அதனால் கூரைப் பக்கம் தேங்கி நிற்கிறது என்பதைச் சிறுவன் தன் உடம்பாலேயே கற்றுக்கொண்டான்.

சுரங்கத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது பரவினால் எப்படித் தெரிந்துகொள்வது? எலி, கேனரி பறவை போன்ற சிறிய உயிர்களைக் கூடவே கொண்டு போங்கள் என்றார் தந்தை ஹால்டேன். சிறிய உடல் வேகமாக மூச்சு விடும். அதனால் விஷவாயுவும் அதன் ரத்தத்தில் வேகமாகக் கலந்துவிடும். பறவை துவண்டு விழுந்தால், தொழிலாளர்கள் உடனே வெளியேறித் தப்பித்துக்கொள்வார்கள்.

ஏன் இந்த வேகம்?

சூடான தண்ணீரை ஒரு டம்ளரிலும் ஓர் அண்டாவிலும் ஊற்றி வையுங்கள். எது முதலில் ஆறும்? டம்ளர்தானே! சிறிய பொருளில் உள்ளே இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு அதிகம். அதனால் சூடு சீக்கிரம் வெளியேறுகிறது. எலியின் உடலும் அந்த டம்ளர் போலத்தான். இழந்த சூட்டை ஈடுகட்ட, அது அடிக்கடி தின்றுகொண்டே இருக்க வேண்டும். எலியின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 600 முறை துடிக்கிறது. யானையின் இதயமோ சுமார் 30 முறைதான்!

1926ஆம் ஆண்டு உயிர்களின் உருவ அளவைப் பற்றி ஹால்டேன் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மனிதனின் எடைக்கு ஈடாக 5,000 எலிகள் வேண்டும்; ஆனால் அவை அந்த மனிதனைப் போல் சுமார் 17 மடங்கு உணவு தின்னும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

1932இல் மாக்ஸ் கிளைபர் என்ற விஞ்ஞானி இதற்கு ஒரு விதியே கண்டுபிடித்தார். 25 கிராம் எலியைவிட 250 கிலோ எருமைக் கிடேரி 10,000 மடங்கு கனமானது. ஆனால் கிளைபர் விதிப்படி அதற்குத் தேவைப்படும் சக்தி சுமார் 1,000 மடங்குதான்.

வேட்டி கட்டிய விஞ்ஞானி

1939இல் 'தீட்டிஸ்' என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தனர். அதுபோன்ற விபத்துகளில் உயிர் தப்புவது எப்படி என்று ஆராய, ஹால்டேன் காற்றழுத்தம் மிகுந்த அறைக்குள் தானே போய் அமர்ந்தார். அந்தச் சோதனைகளில் அவரது முதுகெலும்பு அடிபட்டது, செவிப்பறையும் கிழிந்தது.

1957இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் இந்தியா வந்து, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வேட்டி, குர்தா அணிந்தார். சைவ உணவுக்கு மாறினார். பின்னர் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். விலை உயர்ந்த கருவிகள் இல்லையே என்று கலங்காமல், சுற்றிலும் உள்ள செடிகளையும் பறவைகளையும் கவனித்து எண்ணச் சொன்னார். அவரிடம் பயின்றவர்கள் பவளமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார்கள். ஆள்காட்டிக் குருவியின் கூட்டைக் காத்திருந்து கவனித்தார்கள்.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி புவனேஸ்வரத்தில் புற்றுநோயால் ஹால்டேன் காலமானார். அவர் விருப்பப்படியே உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது. சிறுவயதில் சுரங்கத்தில் பாடம் கற்ற அதே உடல், கடைசியில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடமானது.

நம்ம ஊர் ஏரியில்...

ஹால்டேன் சொன்னபடி எண்ணிப் பார்க்க நாமும் தொடங்கலாமே! அம்பத்தூர் ஏரி, ஆவடி பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லி பக்கமுள்ள செம்பரம்பாக்கம் ஏரி எல்லாம் நம் சோதனைச் சாலைகள்தான். பெரியவர்களோடு போய்க் கரையிலிருந்து பாருங்கள்.

சிறிய நீல மீன்கொத்தியின் எடை சுமார் 30 கிராம். கூழைக்கடாவோ சுமார் நாலரை கிலோ இருக்கும். அதாவது 150 மீன்கொத்திகளின் எடை! கிளைபர் கணக்குப்படி ஒரு கூழைக்கடாவுக்கு 40 மீன்கொத்திகளின் சாப்பாட்டுக்குச் சற்று அதிகமாக வேண்டும். மீன்கொத்திக்கு ஒரு சின்னக் குட்டையே போதும். கூழைக்கடாக் கூட்டத்துக்கோ மீன் நிறைந்த பெரிய ஏரி வேண்டும். ஏரியில் குப்பை கொட்டி, கரையை மூடி, அதைக் குட்டையாக்கிவிட்டால் யாருக்கு முதலில் சோறு இல்லாமல் போகும்? விடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள், குட்டீஸ்!