பறவை காட்டியவர்

மும்பை மாநகரில், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், பத்து வயதளவில் இருந்த சிறுவன் ஒருவன் தன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினான். அந்நாளில் அதனை யாரும் குற்றமாகக் கருதவில்லை. வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்காக இருந்தது. ஆனால் விழுந்த குருவியைக் கையில் எடுத்துப் பார்த்த சிறுவன் திகைத்தான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு ஒன்று இருந்தது. முற்றத்தில் நாள்தோறும் காணும் குருவிகளுக்கு அவ்வாறு இருப்பதில்லை. இது என்ன பறவை? இதனை உண்ணலாமா, ஆகாதா? சிறுவன் தன் தாய்மாமனிடம் கேட்டான். அவர் தேர்ந்த வேட்டைக்காரர். எனினும் அவருக்கும் விடை தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டு என்பவருக்கு ஒரு கடிதம் எழுதி, குருவியுடன் சிறுவனை அங்கு அனுப்பி வைத்தார்.

அச்சிறுவனே பிற்காலத்தில் இந்தியாவின் பறவை மனிதர் எனப் போற்றப்பெற்ற சலீம் அலி.

மில்லர்டு ஆங்கிலேயர், பல அலுவல்கள் உடையவர். செத்த குருவி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அஞ்சி அஞ்சி வந்து நின்ற சிறுவனை அவர் விரட்டியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். அவர் குருவியை வாங்கிப் பார்த்தார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயர் சொன்னார். அதனோடு நிறுத்தவில்லை. பதப்படுத்திய பறவைகள் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். படிப்பதற்கு நூல்களும் கொடுத்தார். ஒரு பறவையின் பெயரை அறிய வந்த சிறுவன், பறவைகள் இத்தனை வகையா என்ற வியப்புடன் வீடு திரும்பினான்.

சலீம் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பிறந்தார். பெற்றோருக்கு அவர் பத்தாவது குழந்தை. ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தனர். இளமையில் குடும்பத் தொழிலைக் கவனிப்பதற்காகப் பர்மாவின் தவோய் பகுதிக்குச் சென்றார். சுரங்கமும் மரமும் அங்குத் தொழில். ஆனால் அவர் மனமோ காட்டுப் பறவைகளையே சுற்றி வந்தது. தொழில் வளரவில்லை. 1917 இல் மும்பைக்குத் திரும்பி வணிகக் கல்வி பயின்றார். அதனோடு தூய சவேரியார் கல்லூரியில் விலங்கியல் வகுப்புகளுக்கும் சென்றார். பல்கலைக்கழகப் பட்டம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பணி அவருக்குக் கிடைக்காமற்போயிற்று.

1926 இல் மும்பை அருங்காட்சியகத்தில் ஒரு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் வழிகாட்டி விரிவுரையாளர். அருங்காட்சியகத்துக்கு வருவோரை இயற்கை வரலாற்றுப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, காட்சிப்பொருள்களை விளக்கிக் கூறுவதே பணி. மில்லர்டு ஒரு சிறுவனுக்குச் செய்ததை ஊராருக்கெல்லாம் செய்யும் வேலை என்று நாம் இதனைக் கொள்ளலாம். ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் இருந்த பறவைகள் அவருக்குப் போதவில்லை. 1928 இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரேஸ்மான் என்னும் பேரறிஞரிடம் பறவையியல் கற்றார். பயிற்சி முடிந்து திரும்பி வந்தபோது, பணமில்லை என்று கூறி அவருடைய பதவியையே எடுத்துவிட்டிருந்தனர். திருமணமாகியிருந்தது, வயது முப்பதைக் கடந்திருந்தது, பட்டமும் இல்லை, பணியும் இல்லை.

அவரும் துணைவியார் தெஹ்மினாவும் மும்பைக்கு அருகில் கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினர். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேலை இல்லாத மனிதருக்கு நேரம் நிறைய இருந்தது. நாள்தோறும் அமர்ந்து பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவிகள் வந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கின்றன. ஒன்று ஏற்றுக்கொண்டால், ஆண் குருவி எஞ்சிய பகுதியைக் கட்டி முடிக்கிறது. பின்னர் வேறொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்பார்க்கிறது. பாதிக் கூடுகள் பல கைவிடப்பட்டுத் தொங்குவதன் காரணம் இதுவே. நம் ஊர்களில் பனையிலும் கிணற்றோர மரங்களிலும் எத்தனையோ பேர் கண்டும் காணாமல் சென்ற செய்தியை அவர் கட்டுரையாக எழுதினார். அறிஞர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகள் மன்னர்களின் ஆட்சியில் இருந்தன. உங்கள் நாட்டிலுள்ள பறவைகளை ஆராய்ந்து கணக்கெடுத்துத் தருகிறேன். எனக்கு ஊதியம் வேண்டா, பயணச் செலவும் தங்கும் செலவும் தந்தால் போதும் என்று சலீம் அலி அவர்களிடம் கூறினார். முதலில் ஹைதராபாத் இசைந்தது. அடுத்து, நாம் இப்போது வாழும் இந்த நிலத்தின் முறை வந்தது.

திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் பறவை ஆய்வு 1933 ஆம் ஆண்டு சனவரி மாதம் மறையூரில் தொடங்கியது. மறையூர் இன்றைய இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிச் சந்தன மரங்கள் செறிந்த மலைச் சிற்றூர். தமிழ் பேசுவோர் இன்றும் அங்கு மிகுதி. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் என். ஜி. பிள்ளை அவருடன் இணைந்துகொண்டார். தெஹ்மினாவும் முகாம்தோறும் உடன் சென்றார். செல்வக் குடும்பத்தில் பிறந்த அப்பெண்மணி, கூடாரங்களிலும் பயணியர் விடுதிகளிலும் தங்கி, கணவரின் பணிக்குத் துணை நின்றார். அவர் இல்லாவிடில் இப்பயணங்கள் இவ்வளவு தூரம் சென்றிருக்குமா என்பது ஐயமே. நம் பாடநூல்கள் அவரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

அந்நாளைய திருவிதாங்கூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் செங்கோட்டைப் பகுதியையும் தன்னுள் கொண்டிருந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1956 இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அவை தமிழகத்துடன் இணைந்தன. பறவைகளுக்கு அந்த எல்லை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அகத்திய மலையின் கிழக்குச் சரிவும் மேற்குச் சரிவும் அவற்றுக்கு ஒரே வீடு.

இவ்வாய்வுக்கு முன்பே திருவனந்தபுரத்தில் பறவைகளைப் பற்றி எழுதியோர் உண்டு. அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த பெர்குசனும், வனத்துறை அதிகாரி போர்டில்லனும் சேர்ந்து, 1903-1904 இல் திருவிதாங்கூர்ப் பறவைகளின் பட்டியலை மும்பைக் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். சலீம் அலி வேறொன்றை நாடினார். பறவை எந்த உயரத்தில் வாழ்கிறது, எதைத் தின்கிறது, எப்போது கூடு கட்டுகிறது, எந்த மழைக்குப் பின் வருகிறது என்பனவற்றையெல்லாம் அவர் குறித்துக்கொண்டார். பட்டியல் பெயரைச் சொல்லும். அவர் பறவையின் வாழ்வைத் தேடினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவ்வாய்வுக்காகப் பறவைகள் சுடப்பட்டன. தோலை உரித்து, பஞ்சு அடைத்து, இடமும் நாளும் எழுதிய சீட்டைக் காலில் கட்டிப் பாதுகாப்பர். இனங்களை ஐயமின்றிப் பிரித்தறிய அன்று அறிஞர்கள் நம்பிய முறை அது. இன்று தொலைநோக்கியும் ஒளிப்படக் கருவியும் ஒலிப்பதிவும் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்துவிடுகின்றன.

1935 முதல் 1937 வரை ஆய்வின் முடிவுகள் கட்டுரைகளாக வெளிவந்தன. பின்னர் 1953 இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகள் பற்றிய நூலாகவும், 1969 இல் கேரளப் பறவைகள் பற்றிய நூலாகவும் அவை விரிந்தன.

1939 இல் தெஹ்மினா, ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பின் நோய்த்தொற்று ஏற்பட்டு இறந்தார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரியின் வீட்டில் தங்கி, தம் பணியிலேயே மூழ்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1941 இல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. அறிஞர்களுக்காக எழுதப்பட்ட நூலன்று அது. வண்ணப் படத்தைப் பார்த்து, அளவைப் பிற பறவைகளோடு ஒப்பிட்டு, தன் வீட்டு மரத்தில் அமர்ந்திருப்பது எது என்று எவரும் கண்டுகொள்ளலாம். மில்லர்டின் அறைக்குச் செல்ல இயலாத பிள்ளைகளின் கைக்கும் விடை வந்து சேர்ந்தது. பின்னாளில் டில்லன் ரிப்ளி என்னும் அமெரிக்க அறிஞருடன் இணைந்து அவர் எழுதிய பத்துத் தொகுதிகள் ஆராய்ச்சி உலகில் இதனினும் பெரியவை. ஆயினும் மக்களைப் பறவை பார்க்க வைத்தது இச்சிறு நூலே.

அவரை எந்நேரமும் நூலோடு இருந்த முதியவர் என்று எண்ணிவிட வேண்டா. மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு உயிர். 1950 இல் சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குச் சென்றபோது, தம் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு சென்றார். அங்கு அவர் வண்டியோடு வந்து இறங்கியதைக் கண்டோர் சிலர், இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று நம்பினராம்!

கேரளத்தில் அவருக்குப் பின் அப்பணியைத் தம் மொழியில் செய்தவர் கே. கே. நீலகண்டன். இந்துசூடன் என்பது அவர் புனைபெயர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய அவர், 1958 இல் கேரளத்துப் பறவைகளைப் பற்றி மலையாளத்தில் நூல் எழுதினார். ஊர் மக்கள் வழங்கிய பெயர்களை அதில் தொகுத்துத் தந்தார். நாம் மீன்கொத்தி என்பதை மலையாளத்தில் பொன்மான் என்பர். தையல்சிட்டு அங்குத் துன்னாரன். துன்னுதல் என்பது தைத்தலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லே. செம்போத்தோ இரு மொழியிலும் செம்போத்துதான்; உப்பன் என்று இன்னொரு பெயரும் அதற்கு இங்கு உண்டு.

இன்று திருவனந்தபுரத்துப் பறவை ஆர்வலர்கள் விடுமுறை நாள் காலைகளில் மக்களை அழைத்துக்கொண்டு வெள்ளாயணிக் காயலுக்கும் புஞ்சக்கரி வயல்களுக்கும் செல்கின்றனர். ஒருவர் முன்னே நடப்பார். கையால் சுட்டாமல், மரத்தின் எந்தக் கிளை, எந்தப் பக்கம் என்று மெல்லிய குரலில் சொல்வார். தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியும், நீரோரத்து நீலத் தாழைக்கோழியும் ஆண்டு முழுவதும் உண்டு. குளிர்காலத்தில் வலசை வரும் தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்கும். இத்தகைய ஆர்வலர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 2015 முதல் 2020 வரை கேரளம் முழுவதும் நடந்து, 361 பறவை இனங்களை இடம் குறித்துப் பதிவு செய்தனர். சலீம் அலி சென்ற இடங்களுக்கே 2009 இல் மீண்டும் சென்று, எவை இருக்கின்றன, எவை குறைந்தன என்று ஒப்பிட்டோரும் உண்டு. அவர் எழுதி வைத்த குறிப்புகள் இல்லாவிடில் எதனோடு ஒப்பிடுவது?

1933 ஆய்வில் அவர் மனத்தைக் கவர்ந்த இடம், பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காடு. தென்னிந்தியாவிலேயே பறவை வளம் மிக்க இடம் அது என்று அவர் கருதினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1983 இல், அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று வற்புறுத்தியோருள் முதிய வயதில் அவரும் ஒருவர். 1984 இல் அது தேசியப் பூங்காவாயிற்று. மறு ஆண்டு அவர் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1987 இல், தொண்ணூறாம் வயதில், மும்பையில் மறைந்தார். பட்டம் இல்லை என்று பணி மறுக்கப்பட்ட அவர் பெயரில், 1990 இல் கோயம்புத்தூரை அடுத்த ஆனைக்கட்டியில் பறவையியல் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. அங்கு ஆய்வு செய்து பலர் முனைவர் பட்டம் பெறுகின்றனர்.

தட்டேக்காட்டில் தவளைவாயன் என்றொரு பறவை உண்டு, மலையாளத்தில் மாக்காச்சிக்காடை. அகன்ற வாயும் காய்ந்த இலையின் நிறமும் உடையது. இரவில் இரை தேடும். பகலில் இணையாகக் கிளையில் ஒட்டி அமர்ந்து அசையாது. ஓரடி அருகில் நின்றாலும் சருகு என்றே தோன்றும். வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த கருவிகளோடு வருவோரும் தாமாக அதனைக் காண்பது அரிது. அவ்வூர் வழிகாட்டிகளே, நேற்று எந்தக் கிளையில் இருந்தது என்பதை அறிந்து, இன்று எங்கு இருக்கக்கூடும் என்று தேடி அழைத்துச் செல்கின்றனர். பலர் அருகிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தொலைநோக்கியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வந்தவர் காணும் வரை அவர்கள் பொறுமையாக நிற்பர்.

செயல்திட்டம்: உங்கள் குடியிருப்பில் காலை அரைமணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து, காணும் பறவைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் தமிழ்ப் பெயரை வீட்டுப் பெரியோரிடமும், மலையாளப் பெயரை அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதுங்கள். பாட்டி, தாத்தா சொந்த ஊரில் இருப்பின், அங்கு அப்பறவைக்கு வழங்கும் பெயரைத் தொலைபேசியில் கேளுங்கள். எவருக்கும் பெயர் தெரியாத பறவை இருப்பின் அதன் நிறம், அலகு, வால், குரல் ஆகியவற்றை எழுதிப் படம் வரைந்து வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள்.