குளிக்க வர மறுக்கும் குழந்தையை எப்படிக் கூப்பிடுவது? அன்றே பாடிவைத்த ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வார்

ராஜபாளையத்தில் மில் வேலைக்குக் கிளம்பும் அம்மாவுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் கடை திறக்க ஓடும் அப்பாவுக்கும் காலையில் ஒரே பிரச்சினைதான். இரண்டு வயசுப் பிள்ளை விளையாட்டை விட்டுக் குளிக்க வராது. குளித்தால் தலை வார விடாது. அப்புறம் சாப்பிட வராது. ஒன்றை விட்டு அடுத்ததுக்கு மாறுவதுதான் அந்த வயசுக்குப் பெரும்பாடு. இன்னும் அஞ்சு நிமிஷம் என்றால் எவ்வளவு நேரம் என்று அதுக்குத் தெரியாது. கையில் இருப்பதைப் பிடுங்குகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

இந்தப் பாட்டை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாசுரமாக்கியவர் இதே ஊர்க்காரர், பெரியாழ்வார்.

யார் இவர்?

இயற்பெயர் விஷ்ணுசித்தர். ஆனி மாதச் சுவாதியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர். காலம் 9ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. நந்தவனம் வைத்து வடபத்ரசாயிக்கு மாலை கட்டுவதுதான் அவர் வேலை. மதுரையில் பாண்டியன் சபைக்குப் போய் வாதத்தில் வென்று பொற்கிழி பெற்றார், யானை மேல் ஊர்வலம் வந்தபோது திருப்பல்லாண்டு பாடினார் என்கிறது குருபரம்பரைக் கதை. அதே நந்தவனத்தில் துளசிச் செடியடியில் கிடைத்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தார். அவள்தான் ஆண்டாள்.

அவருடைய திருமொழியில் 461 பாசுரங்கள். அதில் ஒரு பெரும் பகுதி யசோதையின் குரலில், கண்ணனை வளர்க்கும் பாட்டு. தாலாட்டு, நிலாவைக் கூப்பிடுவது, சப்பாணி கொட்டுவது, தளர்நடை என்று தொடங்கிப் பால் குடிக்க, காது குத்த, குளிக்க, தலை வார, பூச்சூட, அந்தி நேரத்தில் காப்பிட என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிகம். ஒரு குழந்தையின் அன்றாடம் அப்படியே வரிசையாக வந்துவிடுகிறது.

எப்படிக் கூப்பிடுகிறாள்?

குளிக்கக் கூப்பிடுவதைப் பாருங்கள். உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியும். யசோதை கையைப் பிடித்து இழுப்பதில்லை. எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாள். இன்று உன் திருவோணமாச்சே என்கிறாள். குளித்தபின் பூச மஞ்சளும் சாந்தும், கண்ணுக்கு மையும் தயார். பாலும் வெல்லமும் கலந்து பலகாரமும் சுட்டாயிற்று. அடுத்து என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே பிள்ளையின் கண்முன் வைத்துவிடுகிறாள். குழந்தை வளர்ப்பு ஆலோசகர்கள் இன்று முதலில் சொல்வதும் இதைத்தான்.

தலை வாரக் காக்கையைக் கூப்பிடுவது இன்னொரு தந்திரம். கவனம் காக்கை மேல் போகும், அதற்குள் சிக்கெடுத்துவிடலாம். பூச்சூட வரும்போது செண்பகம், மல்லிகை, பாதிரி என்று ஒவ்வொரு பூவாகக் காட்டிக் கூப்பிடுகிறாள். மாலை கட்டியவர் பாட்டு என்பது அங்கே தெரிந்துவிடும்.

காது குத்தும் பதிகத்தில் பிள்ளை எதிர்த்துப் பேசவே செய்கிறான். காது வலிக்கும், மாட்டேன் என்கிறான். அவன் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் நாவற்பழத்தைக் காட்டுகிறாள்.

எல்லாமே இன்றைக்குப் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. புழுதி மேனியைப் பார்க்க எனக்கு ஆசைதான், ஆனால் ஊர் பழிக்கும், நப்பின்னை பார்த்தால் சிரிப்பாள் என்று அவள் வெட்கப்படுத்தியும் பார்க்கிறாள். தின்பண்டம் காட்டிக் காரியம் சாதிப்பதும் தினமும் நடந்தால் பழக்கமாகிவிடும். ஆனால் ஒரே வேலைக்குத் தினமும் ஒரே பாட்டு என்பது எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. பாட்டு தொடங்கினாலே குளியல் வருகிறது என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

அந்தியில் கன்றுகள் வீடு திரும்பிவிட்டன, பசுக்கள் கதறுகின்றன, தெருவில் நிற்காதே என்று கூவிக் கூவி யசோதை ஓய்ந்துபோகிறாள். அடுத்த பதிகத்திலேயே பிள்ளை பக்கத்து வீட்டு வெண்ணெயை விழுங்கிவிட்டு, காலிப் பானையைக் கல்லில் போட்டு உடைத்து, அந்தச் சத்தத்தை ரசித்துக்கொண்டிருக்கிறான். புகார் சொல்ல அந்த வீட்டுக்காரி வாசலில் வந்து நிற்கிறாள்.