மீத்தேனை எதிர்த்துக் களத்திலேயே மறைந்தவர்: யார் இந்த நம்மாழ்வார்?

திருவெறும்பூருக்குக் கிழக்கே, திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் இருக்கிறது இளங்காடு. 1938 ஏப்ரல் 6இல் அங்கே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்தான் ‘இயற்கை வேளாண் விஞ்ஞானி’ கோ.நம்மாழ்வார்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்துவிட்டு, 1963இல் கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மழையை நம்பி விதைக்கும் மானாவாரி விவசாயிக்கு ரசாயன உரச் செலவு கட்டுப்படியாகுமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. 1969இல் அரசு வேலையை உதறினார்.

பிறகு ஊர் ஊராகப் போய்த் தொழுஉரம், பாரம்பரிய விதை, மண்வளம் பற்றிப் பேசினார். வேம்புக்கு அமெரிக்கத் தரப்பு வாங்கிய ஐரோப்பியக் காப்புரிமையை எதிர்த்த போராட்டத்திலும் நின்றார். 2000இல் அது ரத்தானது. கரூர் மாவட்டம் கடவூர் அருகே ‘வானகம்’ பண்ணையை உருவாக்கினார்.

காவிரி டெல்டாவில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகக் கிராமங்களைத் திரட்டிக்கொண்டிருந்தபோது, 2013 டிசம்பர் 30இல் பட்டுக்கோட்டை அருகே காலமானார். வானகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

2020இல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையின் சில பகுதிகளும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயின. அதே காவிரித் தண்ணீரில் நெல் விளையும் திருவெறும்பூர் வட்டாரம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. அவர் தொடங்கிய சண்டை இங்கே இன்னும் முடியவில்லை.